ஸ்டேஷன் வாசலுக்கு வெட்டிய அட்டைகள்

என் மனைவியின் சாப்பாட்டுப் பை ஒரு நாள் அவள் இல்லாமல் வேலைக்குப் போய்வந்தது. அங்கிருந்து தொடங்கவே எனக்கு ஆசை. ஆனால் அது விளங்க வேண்டுமானால் முதலில் ஸ்டேஷன் வாசலைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் இருவரும் காலையில் ஒரே பாசஞ்சர் வண்டியில் ஏறி, வேலூருக்கு மேற்கே உள்ள தோல் ஊர்களில் ஒன்றில் இறங்குகிறவர்கள். கடைத்தெருவைத் தாண்டி இருக்கும் ஒரு டேனரியில் எனக்குச் செலக்‌ஷன் வேலை. பதமாகி வருகிற தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த இடம், முள் கீறின இடம், கத்தி பட்ட இடம் எல்லாம் பார்த்து ரகம் பிரிப்பேன். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடுவேன். அவள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனி ஹைவே பக்கம். ஷேர் ஆட்டோவில்தான் போக வேண்டும். அங்கே கட்டிங் ரூமுக்கு அவள் சூப்பர்வைசர். தோலில் குறையைக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அந்தக் குறைகளுக்கு இடையில் புகுந்து புறப்பட்டு எத்தனை ஜோடி தேற்றலாம் என்று பார்ப்பது அவள் பிழைப்பு. வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

ஸ்டேஷன் படியிறங்கினால் நீள்சதுரமாக ஒரு முற்றம். படியிலிருந்து எதிரே மெயின் கேட் வரை நடுவில் கருங்கல் பாவியிருக்கும். பழைய கல், ஆனால் மட்டமாகப் போட்டது. வலது கைப்பக்கம் டூவீலர் ஸ்டாண்ட். இடது பக்கம் மதிலை ஒட்டி ஜல்லியும் மண்ணுமாகக் கிடக்கிற தரை. நடுவே மேடை கட்டிய ஒரு வேப்பமரம். அந்த மதில் ரோட்டைத் தொடுகிற மூலையில் இன்னொரு கேட் உண்டு. ஒரு காலத்தில் பார்சல் வண்டிகள் வந்துபோன வழி. நான் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து பூட்டியே இருந்தது.

காலை வண்டி வந்து நின்றால் பாதிக்கு மேல் இறங்குவது ஷூ கம்பெனிப் பெண்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம். வண்டி வேகம் குறையும்போதே எல்லோரும் தங்கள் சாப்பாட்டுப் பையை, நன்றாக ஓடக்கூடிய ஒருத்தியிடம் கொடுத்துவிடுவார்கள். அவள் இரண்டு தோளிலும் பைகளை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடி, ஆட்டோ சீட்டில் ஒவ்வொன்றாக வைத்துவிடுவாள். பை உட்கார்ந்தால் ஆள் உட்கார்ந்த மாதிரி. மற்றவர்கள் நிதானமாகப் பேசிக்கொண்டே வந்து அவரவர் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். அடுத்தவர் பையை நகர்த்திவிட்டு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முன்பெல்லாம் ஆட்டோக்கள் படி வரைக்கும் வந்து நிற்கும். படியிலிருந்து இறங்குகிறவன் காலை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்குள் ஒரு ஆட்டோவின் மூக்கு வந்து முட்டும். அதைச் சுற்றிப் போனால் எதிரே ஒரு பைக். என் சட்டைப் பையை ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி கொக்கி போட்டுக் கிழித்துக்கொண்டு போனது. தினப் பயணிகள் சிலர் சேர்ந்து மனு கொடுத்தோம். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். நடக்கிறவர்களுக்கு இடம் வேண்டும், வண்டிகள் வெளியே நிற்க வேண்டும் என்று எழுதினேன். பல மாதம் கழித்து, ஸ்டேஷனில் வேறு வேலைகள் நடந்தபோது, முற்றத்தின் வாயில் இரும்புத் தூண்கள் நட்டுச் சங்கிலி போட்டார்கள். டூவீலர் ஸ்டாண்டுக்குப் போக மட்டும் மெயின் கேட்டை ஒட்டி ஒரு சந்து விட்டார்கள்.

முதல் நாள் அந்தக் காலி முற்றத்தில் நடந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். வேப்பமரத்தில் அணில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆட்டோக்கள் மெயின் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றன. டூவீலர்கள் அதே கேட்டில் திரும்பின. ஸ்டேஷனிலிருந்து வருகிற எல்லோரும் அதே கேட்டில்தான் வெளியேற வேண்டும். முற்றம் முழுக்கப் பரவியிருந்த நெரிசலைச் சுருட்டி ஒரே வாசலில் வைத்த மாதிரி ஆயிற்று. எனக்கு இரண்டு காலும் ஒழுங்காக இருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை. உடம்பைச் சாய்த்துப் புகுந்து போய்விடுவேன்.

என் மனைவி அப்போது வீட்டில் இருந்தாள். உறவுக்காரர் கல்யாணத்தில், பந்தி முடிந்து கழுவிவிட்ட தரையில் வழுக்கி விழுந்து, முட்டியில் ஜவ்வு கிழிந்து, வேலூரில் ஆபரேஷன் முடிந்திருந்தது. டாக்டர் அவளிடம் தெளிவாகச் சொன்னார்: நடக்கலாம், நடக்கவும் வேண்டும், ஆனால் யாரும் இடிக்கக் கூடாது, சட்டென்று காலைத் திருப்பக் கூடாது. கம்பெனி மேனேஜரும் போனில் தெளிவாகச் சொன்னார்.

"மேடம், புது ஆர்டர் கட்டிங் ஆரம்பிக்கும்போது நீங்க டேபிள்ல இருக்கணும். இல்லன்னா வேற ஆளப் போட்டுட்டு, உங்கள ஸ்டோருக்கு மாத்திடறோம். உக்காந்த வேலைதான். கஷ்டம் இருக்காது."

ஸ்டோர் என்றால் லேஸும் பக்கிளும் எண்ணிக் கொடுப்பது. அவள் போனை வைத்துவிட்டு, "லேஸ் எண்றதுக்கா நான் இத்தன வருஷம் தோல் வெட்டக் கத்துக்கினேன்?" என்றாள். சென்னையிலிருக்கும் மகள், வேலையையே விட்டுவிடும்படி நாள்தோறும் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு, ஹாலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள்.

ஆர்டர் தொடங்குவதற்கு முன், ஒரு நாள் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ரயிலில் கஷ்டம் இல்லை. எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவளுடைய செக்கிங் டேபிள் பெண் ஒருத்தி, எங்கள் ஊரிலேயே ஏறுகிறவள், வாயும் காலும் ஒரே வேகம், அவள்தான் அன்றைக்குப் பை ஓட்டக்காரி. "மேடம், பையக் குடுங்க. ஜன்னலோர சீட்டு புடிச்சி வெக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு ஓடினாள். முற்றத்தில் என் மனைவி கைத்தடியோடு நன்றாகவே நடந்தாள். நான் பெருமையாக, "பாத்தியா, எவ்ளோ காலியா இருக்கு" என்றேன்.

மெயின் கேட்டில் நின்றுவிட்டாள்.

முன்னால் போகிறவர்கள் முதுகு. பின்னால் வருகிறவர்கள் பை. பக்கவாட்டில் ஸ்டாண்டுக்குத் திரும்பும் பைக்குகள் ஒன்றன் பின் ஒன்றாக, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு. அதற்கு அப்பால் ஆட்டோ. நான் அவள் முன்னால் கையை விரித்து நின்றேன். ஒரு பைக்காரன், "சார், டிராபிக் கன்ட்ரோலா?" என்று கேட்டுவிட்டு என் கைக்குக் கீழே குனிந்து போனான். ரோட்டில் போலீஸ்காரர் விசில் ஊதினார்; ஆட்டோ நிற்க முடியவில்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "மேடம்! மேடம் வர்றாங்க, நிறுத்துங்க பாய்!" என்று கத்தினாள். விசில் இன்னொரு முறை கேட்டது. ஆட்டோ போய்விட்டது. சீட்டில் என் மனைவியின் பை உட்கார்ந்திருந்தது.

"அடுத்த ஆட்டோல போலாம்மா" என்றேன்.

அவள் முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் இடிக்கவில்லை, இடித்துவிடுவார்களோ என்று காலை இறுக்கியே வலி வந்துவிட்டது. "வேணாங்க. திரும்பிப் போய்டலாம்" என்றாள். பிளாட்பாரத்தில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். அவள் பன்னை டீயில் தோய்த்துச் சாப்பிட்டாள். ஸ்டோர் நல்ல வேலைதான், ஃபேன் இருக்கும் என்று சொன்னாள். அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

சாயங்காலம் அந்தப் பெண் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். டப்பாக்கள் கழுவித் துடைத்திருந்தன.

"மேடம், மீன் கொழம்ப வேஸ்ட் பண்ணக் கூடாதுன்னு நாங்களே சாப்ட்டுட்டோம். தப்பா நெனச்சுக்காதீங்க. புளி கொஞ்சம் ஜாஸ்தி."

"ஓசில சாப்ட்டுட்டு புளி ஜாஸ்தியா? நாளைக்கு டேபிளுக்கு வா, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, நாளைக்குப் போக மாட்டோம் என்பது நினைவுக்கு வந்து அவள் நிறுத்திக்கொண்டாள்.

பெண் அதைக் கவனிக்காத மாதிரி தொடர்ந்தாள். "உங்க பைய உங்க டேபிள் மேலதான் வெச்சிருந்தோம். மேனேஜர் வந்து பாத்துட்டு, மேடம் எங்கன்னாரு. மேடம் வரல சார், பை வந்திருக்குன்னு சொன்னேன். அப்ப பைக்கு அட்டென்டன்ஸ் போட்டுடலாமான்னாரு."

என் மனைவி சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த வாசல எவனோ தப்பா வெட்டி வெச்சிருக்கான்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த மனுவை எழுதியவன் நான். "இன்னா தப்பு? நடக்கறவங்களுக்கு இடம் வேணாமா?"

"நடக்கறவங்க கட்சி நீங்க. வண்டி கட்சி ஆட்டோக்காரங்க. நான் எந்தக் கட்சி?" என்றாள். "வண்டி வரைக்கும் நடக்கணும். அப்புறம் வண்டில ஏறணும். ரெண்டும் நான்தான?"

மறுநாள் வேலை முடிந்து வரும்போது முற்றத்தை அளந்து, வீட்டில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அளவு மாறாமல் வரைந்து கொடுத்தேன். கல் பாவிய இடம், ஜல்லி, மரம், இரண்டு கேட், தண்ணீர்க் குழாய், சாக்கடை மூடி எல்லாம் போட்டிருந்தேன். அளந்து வரைவது என்னால் முடிகிற காரியம்.

அவள் தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, எழுந்து நின்று பார்த்தாள். கட்டிங் ரூமில் புதுத் தோல் வந்தால் இப்படித்தான் செய்வார்களாம். கத்தியை எடுப்பதற்கு முன்பு மேஜையைச் சுற்றி நின்று சும்மா பார்ப்பார்கள். பிறகு சில்வர் பேனாவால் குறைகளைச் சுற்றி வட்டம் போடுவார்கள். தோலின் முதுகுப் பக்கம் அடர்த்தியானது, ஒழுங்கானது. அதில் ஷூவின் முகம் வரும், எல்லோர் கண்ணிலும் படுகிற பாகம். வயிற்றுப் பக்கம் தளர்ந்தது. அதில் உள்ளே மறைகிற பாகங்கள். எந்தத் தோலாக இருந்தாலும் முதலில் முகத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அவள் கருங்கல் பாவிய நடுப்பகுதியைத் தடவினாள். "இது முதுகு. இத காலுக்குக் குடுத்துடணும். அதுல நீங்க சொன்னது சரிதான்." மதிலோர ஜல்லியைத் தொட்டாள். "இது வயிறு. இத ஏன் சும்மா போட்டு வெச்சிருக்கீங்க? இங்க ஆட்டோ நிக்கட்டுமே. இந்த கேட்டு வழியா வரட்டுமே."

"அது பூட்டின கேட்டும்மா."

"பூட்டுன்னா சாவி இருக்குமில்ல?" என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "இது ஓட்ட. இத ஒதுக்கிடணும்."

வண்டியை மறுபடி உள்ளே விடுவதா என்று நான் முரண்டு பிடித்தேன். ஒரு ஆட்டோ வந்தால் பத்து வரும், ஹாரன் அடிப்பார்கள், மறுபடி படி வரைக்கும் வந்துவிடுவார்கள் என்றேன். அவள் பீரோவிலிருந்து லைனிங் தோல் துண்டு ஒன்றை எடுத்து, ஆட்டோ வடிவத்தில் சின்னச் சின்னதாக வெட்டத் தொடங்கினாள். முன்பக்கம் குறுகி, பின்பக்கம் அகன்று. என் வாதம் முடிவதற்குள் ஒரு ஸ்டாண்டுக்கு வேண்டிய ஆட்டோக்கள் தயாராகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனோம். அன்று வண்டியும் கம்மி, கூட்டமும் கம்மி. அவள் கட்டிங் ரூம் பெண்கள் நாலு பேர் பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, டேப் ஒட்டி, நிஜ ஆட்டோவின் அளவுக்கே அட்டைகள் செய்து கொண்டுவந்திருந்தார்கள். வெட்டுவதற்கு முன்பு முழு அளவில் வைத்துப் பார்ப்பது அவர்களுக்குக் கையில் ஊறிய பழக்கம். அவர்கள் முன்பே சொல்லி வைத்திருந்ததால் ஆட்டோ ஸ்டாண்டின் மூத்த டிரைவரும் வந்திருந்தார். எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிற, வெள்ளைத் தாடி வைத்த மனிதர். அன்றைக்குப் பையோடு போனது அவருடைய ஆட்டோதான். அதை முதல் வேலையாகச் சொல்லிவிட்டார்.

"மன்னிச்சுக்க தங்கச்சி. போலீஸ்காரு ஊதினா நாங்க இன்னா பண்றது? உள்ள விட மாட்றாங்க, வெளிய நின்னா ஃபைன் போட்றாங்க. பெரிய பேஜார்."

ஸ்டேஷன் மாஸ்டர் சத்தம் கேட்டு வெளியே வந்து, அட்டைகளைப் பார்த்து, "இன்னாம்மா, டிராமாவா?" என்றார். என் மனைவி அவரிடம் தன் முட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் போகவில்லை. படியிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

பெண்கள் மதிலோரம் அட்டைகளை அடுக்கினார்கள். நான் வரைந்த தாளில் மூன்று ஆட்டோ நிற்கும் இடத்தில் ஐந்து அட்டை நின்றது. ஒன்றின் குறுகிய மூக்கை அடுத்த இரண்டின் அகன்ற முதுகுகளுக்கு நடுவே நுழைத்து, ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று மாற்றி மாற்றி. நடுவில் கை நுழையவும் இடமில்லை. நாலு பெண்களும் சற்று விலகி நின்று தங்கள் வேலையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் டேனரியில் முதல் ரகத் தோலுக்கு மட்டும்தான் பார்த்திருக்கிறேன். என் மனைவி என்னிடம், "எவ்ளோ மிச்சம் பாத்தீங்களா?" என்றாள். எனக்கும் அந்த அடுக்கு அழகாகவே பட்டது. அதில் ஒரு குறையும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். குறை பார்ப்பதுதானே என் வேலை.

பாய் அட்டைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தாடியைத் தடவினார்.

"சூப்பரா கீது. ஒரு டவுட்டு தங்கச்சி. நடுவுல கீற வண்டி எப்டி வெளிய வரும்? மேல இருந்து தூக்குவீங்களா?"

கட்டிங் மேஜையில் வெட்டிய துண்டை மேலே தூக்கிவிடலாம். அத்தனை வருஷமாக அப்படியே தூக்கிப் பழகிய கைகள்.

"அதுல பாதி வண்டி செவுத்தப் பாத்து நிக்குது" என்றார் பாய், இரக்கமே இல்லாமல். "டிரைவர் எறங்கி செவுரு ஏறிக் குதிச்சுதான் வூட்டுக்குப் போவணும்."

முதலில் சிரித்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். பை ஓட்டக்காரி, "மேடம், டிரைவருக்கும் சேத்து ஒரு பேட்டர்ன் வெட்டிடலாம், நின்னமேனிக்கு!" என்றாள். என் மனைவி மரத்து மேடையில் உட்கார்ந்து, முட்டி வலிக்கிறது சிரிக்க வைக்காதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் பாய் ஒரு அட்டையைச் செருப்புக் காலால் தள்ளினார். "எங்களுக்கு எடம் கம்மியா இருந்தாலும் பரவால்ல தங்கச்சி. ரிவர்ஸ் எடுக்கறதுதான் பேஜார். பின்னாடி யார் கீறாங்கன்னு தெரியாது. படியண்ட முன்னாடி சண்ட வந்ததெல்லாம் ரிவர்ஸ்லதான்." அட்டை ஜல்லியில் சரசரவென்று நகர்ந்து போய் வேப்பமர மேடையில் முட்டி நின்றது. அவர் அதை மேடையைச் சுற்றித் திருப்பித் தள்ளினார். அது மறுபக்கமாகப் பார்சல் கேட்டைப் பார்த்துக்கொண்டு வந்து நின்றது.

என் மனைவி மேடையிலிருந்து எழுந்துவிட்டாள். தாளில் ஓட்டை என்று வட்டம் போட்டு ஒதுக்கிய மரத்தின் மேடையில்தான் அதுவரை உட்கார்ந்திருந்தாள்.

"பாய், உங்க வண்டி இத சுத்துமா?"

"இதக் காட்டியும் சின்ன எடத்துல சுத்துவேன்."

"சார்," என்று அவள் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்தாள். அவர் கொஞ்சம் தயங்கினார். இன்றைக்குப் பார்ப்பதற்கு மட்டும்தான், தினமும் திறப்பதென்றால் மேலே எழுதிக் கேட்டுத்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாவியோடு வந்தார். பூட்டு திறக்கவில்லை. பாய் ஆட்டோவிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து விட்டார். பிறகு வண்டியை அந்த வழியாக உள்ளே கொண்டுவந்து, மதிலோரமாக ஓட்டி, மரத்தைச் சுற்றி, ரிவர்ஸே எடுக்காமல் வந்த வழியைப் பார்த்து நின்றார். இரண்டு அட்டை ஆட்டோக்கள் சக்கரத்தில் சிக்கி நசுங்கின.

"இப்ப நீங்க நடங்க" என்று என் மனைவி எனக்கு உத்தரவிட்டாள்.

"நானா?"

"நடக்கறவங்க கட்சி நீங்கதான? நடங்க."

படியிலிருந்து மெயின் கேட்டுக்கும், கேட்டிலிருந்து படிக்குமாக நான் கருங்கல் மேல் நடந்தேன். பாய் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். நான் வேகமாக நடந்து பார்த்தேன், நின்று பார்த்தேன், செருப்பு வாரை மாட்டுகிற மாதிரி குனிந்தும் பார்த்தேன். அவர் வண்டி ஒரு தடவைகூட என் பக்கம் வரவில்லை. வர வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. கடைசிச் சுற்றில் பாய் தலையை வெளியே நீட்டி, "சார், மனு எழுதினது நீங்கதானாமே? இன்னொண்ணு எழுதிடுங்க" என்றார்.

எழுதினேன். ஹாரன் அடிக்கக் கூடாது என்பதை மட்டும் அடிக்கோடிட்டுச் சேர்த்தேன். உள்ளே ஒரே நேரத்தில் மூன்று ஆட்டோதான் என்றதற்கு ஸ்டாண்டில் சிலர் சண்டை போட்டார்கள். பாய் அவர்களோடு ஒரு முழுச் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்தார். வேலைக்குப் போகும் நேரத்திலும் திரும்பும் நேரத்திலும் மட்டும், பார்சல் கேட்டைத் திறந்து கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று ரயில்வேயிலிருந்து பதில் வந்தது. அது வருவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது; மேனேஜர் சொன்ன ஆர்டர் அதற்குள் கம்பெனிக்கு வந்துவிட்டது. தோல் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் கத்தி வைக்கவில்லை என்று பை ஓட்டக்காரி சாயங்காலமானால் சேதி கொண்டுவருவாள்.

கத்தி வைக்கிற நாளன்று காலை நாங்கள் ரயிலில் இருந்தோம். பை கைமாறியது. அந்தப் பெண் ஓடினாள். என் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, இடது பக்கம் திரும்பினாள். நான் அவளுக்குப் பின்னால். மரத்தடியில் பாயின் வண்டி நின்றிருந்தது. மற்றவர்கள் எல்லாம் ஏறி நெருக்கி உட்கார்ந்து, அவள் காலை நீட்டிக்கொள்வதற்கு ஒரு பக்கம் முழுக்கக் காலியாக விட்டு, அதில் பையை வைத்திருந்தார்கள்.

"மேடம், பை வந்துடுச்சி. நீங்களும் வாங்க!"

பின்னால் நின்ற ஆட்டோவில் ஒரு புது டிரைவர் பழக்கதோஷத்தில் ஹாரனை அழுத்திவிட்டார். மூன்று வண்டியிலிருந்தும் பெண்கள் ஒரே குரலில் அவரைத் திட்டியது, ஹாரனைவிடப் பெரிய சத்தம். அதற்கு மனுவில் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி மரத்தைச் சுற்றியது. எனக்குக் கையாட்டுவாள் என்று நின்றேன். அவள் குனிந்து, சக்கரத்துக்குக் கீழே ஜல்லி எங்கே பெயர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனாள்.

நான் கருங்கல் வழியாக நடந்து மெயின் கேட்டுக்கு வந்தேன். ஆட்டோக்கள் இல்லாததால் கேட்டில் கொஞ்சம் காற்று வந்தது. பைக்குகள் அப்படியேதான் திரும்பிக்கொண்டிருந்தன. அதற்கு எங்களிடம் இன்றுவரை வழியில்லை. ஸ்டாண்டின் வாயை ஒதுக்குப்புறமாக மாற்றினால் சரியாகும் என்று என் மனைவி சொல்கிறாள். அதற்கும் அட்டை வெட்டி வைத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் நான் சீக்கிரமே வந்து வேப்பமர மேடையில் உட்கார்ந்து, பார்சல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாயின் வண்டி வந்தது. பெண்கள் இறங்கினார்கள். அவள் இல்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் மட்டும் என்னிடம் வந்தாள்.

"மேடம் எங்கம்மா?"

"மெயின் கேட்டாண்டயே எறக்கி வுடச் சொல்லிட்டாங்க சார்."

திரும்பிப் பார்த்தேன். கருங்கல் பாதையின் அந்தக் கோடியிலிருந்து அவள் வந்துகொண்டிருந்தாள். கைத்தடியை ஊன்றி, நடுநடுவே நின்று, மறுபடி நடந்து. அவளைச் சுற்றிக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து எதிரே போகப் பார்த்தேன். வேண்டாம் என்று தடியால் சைகை காட்டினாள். படி வரைக்கும் தானே வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. விரல் நுனிகளில் சில்வர் பேனா மை.

"எதுக்குமா இவ்ளோ தூரம்? பாய் உள்ள வரைக்கும் வந்தாரே."

"நல்ல முதுகுத் தோலுங்க," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே, கைத்தடியால் கருங்கல்லைத் தட்டி. "சும்மா போட்டு வெச்சா வேஸ்ட்டுதான?"